ஆக்குப்புரை வெள்ளம்

என் தங்கை கோமதியின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் தாலி கட்டும் படம் வந்ததும் கொஞ்சம் நின்றுவிடுவார்கள். மணமக்களுக்குப் பின்னால் மணவறை அலங்காரம் இருக்கும். அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். பெரிய விவசாயக் குடும்பம் போலிருக்கிறது, வளமையைக் காட்டத்தான் இப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. எங்களுக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. அப்பா கணக்கு வாத்தியார். மூட்டைகள் அரிசி ஆலைக்காரருடையவை. அவற்றுக்கு முன்னால் என் தங்கையைக் கொண்டுபோய் உட்காரவைத்தவன் நான். (நான் பக்கத்தில் இருந்தால் கோமதி அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் திருப்ப மாட்டாள்.)

மற்றவர்கள் ஒரு முட்டாள்தனத்தில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் யாராவது கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். படித்தவன் இறங்கினால் யாரும் நிறுத்துவதில்லை. விஷயம் தெரிந்துதான் செய்கிறான் என்று விலகி வழிவிடுவார்கள். அந்த ஒருநாளில் எனக்குக் கிடைத்த வழியைப் போல அதற்குப் பிறகு எனக்கு யாரும் விட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. தாமிரபரணியின் நீர்மட்டத்தையும், அதில் வந்து சேரும் மழையையும் தானாகவே அளக்கும் கருவிகளை ஆற்றின் நெடுகிலும் நிறுத்துவது. ஒவ்வொரு கருவியும் தான் கண்டதை வானொலி அலை மூலமாகப் பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலக அறைக்கு அனுப்பும். அங்கே ஒரு கம்ப்யூட்டர் அவற்றை வாங்கிக் கணக்குப் போட்டு, மேலே இவ்வளவு தண்ணீர் என்றால் கீழே எப்போது, எவ்வளவு உயரம் வரும் என்று சொல்லும். அந்தக் கணக்குக்கு மாடல் என்று பெயர். எழுதியவன் நான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்த பெருவெள்ளத்தை ஊரில் யாரும் மறந்திருக்கவில்லை. அடுத்த வெள்ளம் வருமுன் ஊருக்குச் சொல்லப்போகிறவன் என்ற நினைப்பில் நான் தெருவில் நடந்த நடை, இப்போது நினைத்தால் எனக்கே சகிக்கவில்லை.

கருவிகள் குறைவு, ஆறு நீளம். எங்கே வைப்பது, எங்கே விடுவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது. என் மேலதிகாரி அதிகம் பேசாதவர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"கடனாநதில ஒண்ணு வைக்கலையா?"

"வேண்டாம் சார். மேல அம்பாசமுத்திரத்துல ஒண்ணு இருக்கு. கடனாநதி வந்து கலந்ததுக்குப் பொறவு கீழ ஒண்ணு இருக்கு. நடுவுல உள்ளதை மாடல் பாத்துக்கிடும்."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். (விலகி வழிவிட்டவர்களில் அவர்தான் முதல் ஆள்.)

கடனாநதி கலந்ததற்குப் பிறகு 'கீழே ஒண்ணு' என்று சொன்னேனே, அந்தக் கருவி சேரன்மகாதேவிக்குச் சற்று மேலே ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்திமார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். படித்துறைக் கல்மண்டபத்திலிருந்து ஆற்றின் மேல் நீட்டிய ஓர் இரும்புக் கை. அதன் நுனியில் குத்துப்போணி என்கிற நெட்டைப் பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு சென்சார். அது கீழ்நோக்கி ஓர் ஒலியை அனுப்பும். ஒலி எதிலோ பட்டுத் திரும்பிவர ஆகும் நேரத்தை வைத்து, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். சீக்கிரம் திரும்பினால் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதை நிறுத்துவதற்காக அந்தப் படித்துறையில் புதரை வெட்டி, உடைந்த படிகளைப் பூசி, கைப்பிடிக் கம்பி போட்டு, ஊரிலேயே அழகான இடமாக ஆக்கிவிட்டுத்தான் திரும்பினோம்.

அந்த வேலைக்குப் போய்வந்த காலத்தில்தான் ஆவுடையப்ப மாமா பழக்கம். படித்துறைக்கு எதிர்வீடு. எங்கள் ஆட்களுக்கு மோர் கொடுத்தார், பிறகு சாப்பாடு கொடுத்தார், கடைசியில் தன் மகன் சங்கரனுக்குக் கோமதியைக் கேட்டார். நிச்சய தாம்பூலத்தன்று, எல்லோரும் எழுந்து கிளம்பும் நேரத்தில், என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, கல்யாணத்துக்கு மொத நாளு எங்க வீட்டுல ஊருக்குச் சாப்பாடு. படித்துறைதான் எடம் தாராளமா இருக்கு. ஒங்க மிஷினு இருக்கேன்னு யோசிக்கேன். அங்கன பொழங்கலாமா, அதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

நான் அரசாங்கத்தையே பையில் வைத்திருப்பவன் மாதிரி சிரித்தேன். "தாராளமா பொழங்குங்க மாமா. மிஷினைத் தொடாம இருந்தாப் போதும்."

"தொட விடுவேனா? நான் பாத்துக்கிடுதேன்."

கல்யாணம் கார்த்திகை மாதத்தில், திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றை ஒட்டிய ஒரு சத்திரத்தில். முந்தின நாள் காலை எல்லோரும் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஒரு எட்டு அலுவலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாளையங்கோட்டைக்கு சைக்கிளை மிதித்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிட வேலை. பிரிண்டர் அடித்துத் தள்ளியிருந்த காகிதத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கலாம்.

காகிதத்தில், ஆவுடையப்ப மாமா ஊரில், தாமிரபரணி ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஏறி நின்றது.

முதலில் நான் அம்பாசமுத்திரத்தைப் பார்த்தேன். அங்கே ஆறு இருந்த இடத்தில்தான் இருந்தது. மழைமானிகளைப் பார்த்தேன். எல்லாம் தூறல் என்றுதான் சொல்லின. மேலே ஏறாத ஆறு கீழே எப்படி ஏறும் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. நடுவில் இருப்பது கடனாநதி. நான் கருவி வைக்காமல் விட்ட நதி. மாடல் பார்த்துக்கிடும் என்று நான் சொன்ன நதி. மலையில் அந்தப் பக்கம் மட்டும் கொட்டித் தீர்த்திருக்கிறது. என் மழைமானிகளுக்கு நடுவில் பெய்திருக்கிறது. வழியில் குளம் ஏதாவது உடைந்துமிருக்கும். எங்கே எனக்குக் கண் இல்லையோ, அந்த வழியாகத்தான் வெள்ளம் வருகிறது.

இன்னொன்றும் அந்தக் காகிதத்தில் இருந்தது. ஏறின மட்டம் அதற்குப் பிறகு ஒரு விரற்கடை கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தட்டு மாதிரி நின்றது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வெள்ளம் உச்சிக்கு வந்து மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

அந்த ஊரில் போன் இருந்தது தபாலாபீஸில் மட்டும்தான். கூப்பிட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வேலை நாளில் தபாலாபீஸ் போனை எடுக்க ஆள் இல்லை என்றால் என்ன பொருள்? ஊரே மேட்டுக்கு ஓடிவிட்டது என்று பொருள். (போஸ்ட் மாஸ்டர் அந்நேரம் ஆவுடையப்ப மாமா வீட்டுப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் கருவியின் காவல்காரர் அவருக்குப் பக்கத்து இலை.)

மாடலை ஓட்டினேன். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னது. இருட்டுவதற்குள் குறுக்குத்துறைப் படிக்கட்டை வெள்ளம் தொடும். விடியும்போது சத்திரத்துப் பந்திக் கூடத்தில் இடுப்பளவு நிற்கும். முகூர்த்தம் விடிந்ததும்.

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று எனக்கு நினைவில்லை. சத்திரத்து வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. உள்ளே தவசுப்பிள்ளை, அதாவது எங்கள் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர், பெரிய வார்ப்பை அடுப்பில் ஏற்றியிருந்தார். அவியலுக்குக் காய் நறுக்கிக் குவித்திருந்தார்கள். அப்பா சட்டைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்களை எல்லாம் வாங்க வாங்க என்று கைகூப்பிக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

அவர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நிச்சயந்தானாலே?"

"கணக்குப் போட்டுப் பாத்துட்டேம்ப்பா."

முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவரிடம் வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் யோசித்திருப்பார். இதைச் சொன்னதும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கூடத்தின் நடுவில் போய் நின்று, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார். "ஆத்துல வெள்ளம் வருது. இங்கன கல்யாணம் நடத்த முடியாது. எம் மவன் சொல்லுதான்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் பயத்தைவிடப் பெருமைதான் கூட இருந்தது. அது எனக்குக் காதில் விழுந்தது. நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

தவசுப்பிள்ளை மட்டும் கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "ஆறு சும்மாதானே கெடக்கு தம்பி."

"இப்போ கெடக்கும் அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல பாருங்க."

"கொதிச்ச பருப்பை எறக்கச் சொல்லுதீரு. சரி. பெரிய படிப்பு படிச்சவரு."

சத்திரத்து மேனேஜர் அந்தப் பழைய பெருவெள்ளத்தில் கூரைமேல் உட்கார்ந்திருந்தவர். என் பேச்சை முழுக்கக் கேட்கக்கூட அவர் காத்திருக்கவில்லை. எங்கள் பாத்திரங்கள் வெளியே வந்ததும் கதவுகளைப் பூட்டி, சாவிக்கொத்தை மடியில் கட்டிக்கொண்டு, கங்கைகொண்டானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். தாமிரபரணி எட்டாத ஊர் எது என்று அவர் முன்பே யோசித்து வைத்திருந்திருக்க வேண்டும்.

தச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலை இருந்தது. முதலாளி அப்பாவிடம் படித்தவர். கணக்கு சுத்தமாக வராது என்று அப்பாவிடம் உதை வாங்கியவர். அவர்தான் கிடங்கைத் திறந்துவிட்டார், லாரியும் அனுப்பினார். கட்டின வாழைமரத்தை அவிழ்க்கக்கூடாது என்று அத்தை ஒருத்தி குறுக்கே நின்றாள். நான் அவளுக்கு வெள்ளத்தின் வேகத்தை விளக்கினேன். அவள் அழுதுகொண்டே விலகினாள். பாதி வெந்த பருப்போடு வார்ப்பு போயிற்று, நறுக்கின காய் சாக்கில் போயிற்று, மணவறைக் குடை போயிற்று. தவில்காரர் தன் தவிலை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு லாரியில் உட்கார்ந்தார்.

கோமதியை டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றினோம். பூச்சடை பாதிதான் தைத்திருந்தது. மீதிப் பூ மடியில் கிடந்தது. கதவைச் சாத்தப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவங்க எல்லாரும் அங்கனதானே இருக்காங்க?"

வெள்ளம் அவர்கள் ஊரிலிருந்துதான் வருகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அது எனக்கு ஓர் எண்ணாகத்தான் இருந்தது. "ரோடு மேடுதான். வந்திருவாங்கம்மா" என்றேன். அவள் உதடு துடித்தது. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கும். இல்லாத வெள்ளத்தில் ஒரு முழுச் சாயங்காலம் அவள் தன் மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு பஸ் தச்சநல்லூருக்கு வந்து சேர்ந்தது. சத்திர வாசலில் நிறுத்தியிருந்த எங்கள் ஆள் வழிகாட்டிக் கூட்டிவந்திருந்தார். நான் ஓடினேன். ஆவுடையப்ப மாமா பஸ்ஸிலிருந்து இறங்கினார். வேட்டி மடிப்புக் கலையவில்லை. நெற்றியில் திருநீறு கலையவில்லை. பின்னால் சங்கரன், முழுசாக. கிடங்கின் வாசலில் நின்ற கோமதி உள்ளே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

"நல்லபடியா வந்துட்டீங்களா மாமா? ரோட்டுல தண்ணி எவ்வளவு?"

"எந்த ரோட்டுல?"

"உங்க ஊருல... ஆறு..."

"ஆத்துல முட்டளவு கெடக்கு. ஏன் தம்பி, எதுக்கு எடத்தை மாத்துனீங்க?"

நான் சொன்னேன். ஓர் ஆள் உயரம் ஏறின கதையைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் மெல்ல ஒரு குழப்பம் வந்தது. பிறகு குழப்பம் போய் வேறொன்று வந்தது.

"தம்பி, காலைல தூறல் விழுந்துதுல்லா? பாத்திரம் தேய்க்குத பொம்பளைய நனையாங்களேன்னு ஆக்குப்புரையை அப்படியே தண்ணி வரைக்கும் நீட்டி கீத்து வேஞ்சோம். கம்பு நாட்ட அந்தப் பூசின படிதான் வாக்கா இருந்துது." கையை நீட்டிக் காட்டினார். "ஒங்க மிஷினுக்கு நேர் கீழதான். ஆனா தொடலை. ஒருத்தனும் தொடக்கூடாதுன்னு நானே பக்கத்துல நின்னேன்."

ஆக்குப்புரை என்பது கல்யாணச் சமையலுக்காகப் போடும் ஓலைக் கொட்டகை. அதன் கூரை ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். கட்டி முடித்துவிட்டால் ஏறாது, இறங்காது.

அங்கே கூடியிருந்தவர்களில் எத்தனை பேருக்கு முழுசாகப் புரிந்ததோ தெரியாது. புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொன்னார்கள். கிடங்கின் கடைசி வரை அது மெதுவாகப் போய்ச் சேருவதை நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டேன். தவசுப்பிள்ளை மட்டும் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். அது இன்னும் வேகவில்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் கோபக்காரர். "நம்ம வீட்டு அடுப்படியைப் பாத்துட்டு வெள்ளம்னு ஓடியிருக்கானுவ. சம்பந்தம் பண்ணுத வீட்டைச் சொல்லுத பேச்சாவே இது? பொண்ணு வீட்டுக்காரன் நெல்லுக் குடோன்ல எலை போடுவான், நாம உக்காந்து திங்கணும். பஸ்ஸைத் திருப்பச் சொல்லு."

அப்பா கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். காலையில் எல்லோரையும் வரவேற்ற அதே கைகள்தான். என் அப்பா பேச வார்த்தையில்லாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்குக் காரணம் நான் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அந்த மூட்டைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆவுடையப்ப மாமா தன் தம்பியின் தோளில் கைவைத்தார். "பைய பேசுவே. கொட்டகை போட்டது நானு. போடலாம்னு சொன்னது இந்தத் தம்பி. இந்த வெள்ளம் ரெண்டு வீட்டுக்கும் பொது." பிறகு அப்பாவிடம், "அத்தான், கையை எறக்குங்க. பந்தியை எங்கன போடப்போறீங்க, சொல்லுங்க. பிள்ளைய பசியா இருக்கு" என்றார்.

சத்திரத்துக்கே திரும்பிப் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். சாவி கங்கைகொண்டானில் இருந்தது. கங்கைகொண்டானில் எந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. தவசுப்பிள்ளையும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை அடுப்பைத் தூக்கச் சொன்னால் நான் இப்படியே பஸ் ஏறிவிடுவேன் என்று அறிவித்தார். ஆகவே கல்யாணம் கிடங்கிலேயே என்று முடிவாயிற்று.

அழைப்பிதழ் எல்லாம் குறுக்குத்துறை என்றுதான் போயிருந்தது. காலையில் வருகிறவர்களுக்குப் பூட்டின சத்திரத்து வாசலில் நின்று வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும். யாரும் என்னைச் சொல்லவில்லை. நானே போனேன்.

அன்றைக்கு விடிந்த மாதிரி ஒரு காலை அதற்குப் பிறகு கார்த்திகையில் விடிந்ததா என்று எனக்குச் சந்தேகம். மேகமே இல்லை. வெயில் இளசாக விழுந்தது. ஆறு கரண்டைக்கால் அளவில் பாறைகளுக்கு நடுவில் பளபளவென்று போய்க்கொண்டிருந்தது. ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலுக்கு ஜனங்கள் வேட்டி நனையாமல் நடந்து போனார்கள். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டுக்கரை வேட்டியில் நின்றேன்.

பட்டுப்புடவையில் வந்து இறங்கிய ஒவ்வொருவரும் முதலில் பூட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"என்ன தம்பி, கல்யாணம் இங்கன இல்லையா?"

"தச்சநல்லூர் அரிசி மில்லுல வச்சிருக்கோம்."

"ஏன்?"

"வெள்ளம் வந்திரும்னு..."

அவர்கள் என் தோளுக்கு மேலாக ஆற்றைப் பார்ப்பார்கள். ஒரு பையன் அங்கே சோப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பான். அவர்கள் மறுபடி என்னைப் பார்ப்பார்கள். நான் ஆட்டோ நிற்கும் பக்கம் கையைக் காட்டுவேன். (சிலர் போகிற வழியில் எனக்கு ஆறுதலாகத் தலையாட்டினார்கள். அவர்களை விடச் சிரித்தவர்கள் தேவலை.)

என் மேலதிகாரி பரிசுப் பொட்டலத்தோடு வந்தார். அவரிடம் மட்டும் முழுவதும் சொன்னேன். அவர் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஏறினது அப்படியே ஆடாம நின்னுதா?"

"நின்னுது சார்."

"ஆறு அப்படி நிக்காதுல்ல." கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "கடனாநதில ஒண்ணு வச்சிருக்கலாம்" என்றார். பிறகு சாப்பாடு எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

முகூர்த்த நேரம் தாண்டியது. தச்சநல்லூரில் இந்நேரம் கெட்டிமேளம் கொட்டியிருப்பார்கள். கோமதி பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை முதலில் மடியில் வாங்கினவன் நான். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது நான் ஒரு பூட்டைக் காவல் காத்தேன். யாரும் வராத ஒரு சமயத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆறு கேட்டிருக்காது, அவ்வளவு சத்தமாக அழவில்லை.

அப்போது ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி வந்து நின்றது. மாப்பிள்ளையின் தம்பி. "மச்சான், சீக்கிரம் ஏறுங்க. பொரி போட ஒங்களைத் தேடுதாங்க."

தாலி கட்டியானதும் தீ வளர்த்து, பெண்ணின் கையில் கூடப்பிறந்தவன் பொரியை அள்ளிப்போட, அவள் அதைத் தீயில் இட வேண்டும். கூடப்பிறந்தவன் இல்லை என்றால் சித்தப்பா மகன், பெரியப்பா மகன் யாராவது போடுவதும் உண்டுதான். ஐயரும் நேரமாகிறது என்று ஒரு சித்தப்பா மகனைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார். கோமதி இரண்டு கையையும் மூடிக்கொண்டுவிட்டாள்.

"ஐயரு சொல்லிப் பாத்தாரு, எங்க சித்தப்பா சத்தம் போட்டாரு, மயினி கையைத் தெறக்க மாட்டேங்காவ" என்றான் அவன் வண்டியை விரட்டிக்கொண்டே. "எங்கண்ணன் வரணும்னு ஒரே வார்த்தை. பந்திக்கு எலை போட்டுட்டாங்க. எல்லாரும் காத்துக்கெடக்காங்க."

நான் கிடங்குக்குள் போனபோது அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூட்டைகளுக்கு நடுவில் வழி விட்டார்கள். கால் முழுக்க ஆற்று மணல். கோமதி தலையைக் குனிந்து தீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், மூடின கை மூடினபடி. நான் எதிரே உட்கார்ந்தேன். அவள் கையைத் திறந்தாள். அவசரத்தில் நான் அள்ளிப்போட்டதில் பாதிப் பொரி அவள் கைக்கு வெளியே கொட்டியது.

அவள் தலையை நிமிர்த்தாமல், எனக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, ரொம்பக் கவலையாகக் கேட்டாள்.

"வெள்ளம் வடிஞ்சிட்டாண்ணே?"

மாப்பிள்ளை மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். புகை கண்ணில் பட்டுவிட்டதாக ஐயரிடம் சொன்னார். (அந்தப் படமும் ஆல்பத்தில் இருக்கிறது.)

அன்று முதல் எங்கள் வீட்டில் நான் எங்கே தாமதமாகப் போனாலும் இதுதான் வரவேற்பு. என் கல்யாணத்தில் கேட்டார்கள், என் மகள் காதுகுத்தில் கேட்டார்கள். சங்கரன் வீட்டில் பால் பொங்கினால் மச்சானுக்குப் போன் போடு என்பார்கள். அப்பா மட்டும் இந்தச் சிரிப்பில் கடைசிவரை சேரவில்லை. "வந்திருந்தா என்னவே செஞ்சிருப்பீரு?" என்று கேட்டு, கேட்டவரை முறைப்பார். நான் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கடனாநதியில் ஒரு கருவி வைத்தோம். எந்த ஒரு கருவி தனியாகச் சொன்னாலும் நம்பாதே என்று மாடலுக்கும் சொல்லிக்கொடுத்தேன். மாடல் கற்றுக்கொண்டது. நான் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டுவிட்டேன். பல வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில், அந்த ஊர்க் கருவி மறுபடியும் ஓர் ஆள் உயரம் ஏறியதாகச் சொன்னது. மேலே உள்ளவையும் ஏறுவதாகத்தான் சொல்லின. நான் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எவன் வீட்டுக் கல்யாணமோ என்று நின்றேன். எச்சரிக்கை கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அப்போது படித்துறைக்கு எதிர்வீட்டிலிருந்து போன் வந்தது. கோமதி.

"அண்ணே, கொட்டகை ஒண்ணும் இல்லண்ணே. ஆறுதான். ஒன் மிஷினுக்குக் கீழ மூணாவது படியைக் காணல. நான் வாசல்ல நின்னுதான் பேசுதேன்."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. நான் எல்லா இடத்துக்கும் சொன்னேன். குறுக்குத்துறையில் படித்துறைக் கடைக்காரர்கள் சாமான்களை மேலே ஏற்றினார்கள். கீழே உள்ள தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை ஆறு நான் சொன்னபடி வந்தது.

மறுநாள் மழை விட்டதும் நான்தான் அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க நேரமாயிற்று. எடுத்தாள். எனக்கு வாயில் வந்தது அந்த வார்த்தைதான்.

"வெள்ளம் வடிஞ்சிட்டாம்மா?"

"வடிஞ்சிட்டுண்ணே" என்றாள். "எல்லாரும் நல்லா இருக்கோம்."

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்காதது அந்த ஒரு தடவைதான்.